ஒன்பதரை விரல்

அடைக்கல மாதா துணை

பெரம்பலூர்,
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். அண்ணி கட்டிக்கொடுத்த புளிச்சோறு அரியலூரில் பஸ் மாறுவதற்குள்ளேயே காலி. அண்ணே, உங்கள் இரண்டு தோளும் எப்படி இருக்கின்றன? வலது கை காதுக்கு மேலே ஏறுகிறதா, இல்லை அப்படியேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறதா?

போனில் பேசினால் நீங்கள் "என்னது? என்னது?" என்று கத்தி ஏலாக்குறிச்சியையே கூட்டிவிடுவீர்கள். கல்லுடைக்கிற மிஷின் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்ற காது. இங்கேயும் வார நாட்களில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் கடிதம்தான்.

பள்ளிக்கூடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடைக்கு மேல்மாடியில். மசாஜும் அக்குபங்சரும் சேர்த்து ஆறு மாதப் படிப்பு. ஜவுளிக்கடையில் பத்து வருஷம் கால் கடுக்க நின்றுவிட்டுப் படிக்க வந்த நான்தான் வகுப்பிலேயே கிழவி என்று பயந்தேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வருகிறார், துபாயிலிருந்து திரும்பியவர், அவருக்கு ஐம்பதாம். அப்பாடா என்றிருந்தது.

மார்க்கு போடுகிற விதத்தைக் கேளுங்கள். எழுத்துப் பரீட்சை பேருக்குத்தான். ஊசிப் பரீட்சைக்கு எங்கள் அறிவரசன் சார் தன் கையையே நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். ஊசி இறங்கியது அவருக்குத் தெரிந்தால் மார்க்கு போச்சு. மிச்சமுள்ள பெரும்பங்கு மார்க்கைப் போடுவது நோயாளிகள்! தலைக்கு மேல் துணியைப் போட்டு ஆளைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். ஒரு மேசைக்கு இரண்டு மாணவர்கள், ஆளுக்கு ஒரு தோள். யாரும் மூச்சு விடக் கூடாது. முடிந்ததும் நோயாளி அந்தந்தப் பக்கத்துக் கையைத் தொங்கவிட்டபடியே விரல் காட்ட வேண்டும். ஐந்து விரல் என்றால் ஐந்து மார்க்கு.

அதோடு விட்டதா? இரண்டு வாரம் கழித்து அதே ஆள் மறுபடி வந்து, சுவரைப் பார்த்து நின்று, இன்னொரு தரம் காட்ட வேண்டும். அந்த இரண்டாவது மார்க்குக்குத்தான் எடை அதிகம். ஆள் வரவில்லை என்றால் பூஜ்யம்.

"சார், பஸ் வரலேன்னா அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?" என்று கேட்டுவிட்டேன்.

"வலி கொறஞ்சிருந்தா நடந்தாவது வருவாங்கம்மா" என்கிறார். இது அடுக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

சொந்தக்காரர்கள் வந்து படுக்கலாமா என்று பாய் கேட்டார். "தாராளமா வரட்டும். யாரு கைன்னு தெரிஞ்சாத்தானே!" என்று சார் சிரித்தார். ஒரே ஒரு விதிதான்: இரண்டு ஞாயிற்றுக்கும் நடுவில் மாணவர் தன் நோயாளியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் பரீட்சை ரத்து.

முதல் நிலை, இரண்டாம் நிலை வாங்கினால் தனியாக அறை போட்டுப் பார்க்கலாம். மூன்றாம் நிலை என்றால் இன்னும் ஆறு மாதம் இங்கேயே. நான் மூன்றாம் நிலை வாங்குகிற ஆளா?

உங்கள் ஞாயிறு பூசையில் எனக்காகவும் ஒரு மெழுகுதிரி.

தங்கை சுகன்யா மேரி

*

ஏலாக்குறிச்சி,
20 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி சுகன்யாவுக்கு அண்ணன் மரிய செல்வம் எழுதுவது.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி, எனக்கு உன் அண்ணி. வலது கை பழைய கதைதான். சட்டை போட உன் அண்ணியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவளுக்கு அதில் ஒரு பெருமை.

நல்ல பள்ளிக்கூடம் பார்த்தாய் போ. என்னைப் படுக்க வைத்தால் அந்த சார் பாடு திண்டாட்டம். கரும்பு வெட்டுகையில் இடது மோதிர விரலில் பாதியைக் கொடுத்தவன் நான். ஐந்து காட்டினால் நாலரை என்று எழுதுவாரா?

ரோட்டுப் பக்கத்து அறை உனக்குத்தான் என்று சொன்னேன் அல்லவா? உரக்கடை இளையபெருமாள் அதைக் குடோனுக்குக் கேட்டு நச்சரிக்கிறான். கிறிஸ்மஸ் வரை இழுத்துப் பிடிக்கிறேன். அதற்குள் பாஸாகி வந்தால் அறை உனக்கு. இல்லையென்றால் யூரியாவுக்கு. மாதா கோவிலுக்கு வருகிற சனம் தினம் நம் வாசலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். நீ நல்ல நிலையில் தேறினால் பிழைத்துக்கொள்வாய்.

மெஸ் சாப்பாடு எப்படி? எழுதவும்.

மரிய செல்வம்

*

பெரம்பலூர்,
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தோள் எப்படி இருக்கிறது? மாதா பிறந்தநாளுக்கு வர முடியவில்லை. கோபமா? அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்கை விடுதி மொத்தமும் தின்றது. எனக்கு உடம்பு சுகம், கட்டைவிரல் மட்டும் வீங்கிக் கிடக்கிறது.

பரீட்சை ஞாயிறு முடிவாகிவிட்டது. நவம்பர் 10, அப்புறம் 24. ஜோடியும் பிரித்துவிட்டார்கள். எனக்கு ஜோடி ஜெயங்கொண்டத்து ஜெயசுதா. மூன்றாம் மேசை எங்களுக்கு. நல்ல பெண், வாய்தான் நீளம், என்னைவிட ஒரு விரற்கடை. எங்கள் கைகள் எதிரும் புதிரும். ஒரு கை அம்மிக்கல், ஒரு கை மயிலிறகு என்று சார் கேலி செய்கிறார். ஒத்திகை பார்க்க வருகிற சனங்கள் எல்லாம் அம்மிக்கல்லுக்கே ஐந்து ஐந்தாகக் காட்டிவிட்டுப் போகிறார்கள். வலித்தால்தான் வைத்தியம் என்று நினைப்பு. மயிலிறகுக்கு மூன்று கிடைத்தால் அதிகம். "இதென்ன, சும்மா தடவுது" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது.

ஊசிப் பரீட்சையில் நான்தான் முதல். சார் கண்ணைத் திறந்து, "குத்திட்டியா என்ன?" என்றார்! அதை மட்டும் நாலு பேரிடம் சொல்லவும்.

சுகன்யா

*

ஏலாக்குறிச்சி,
28 செப்டம்பர் 2024

சுகன்யாவுக்கு,

எல்லோரும் சுகம். சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மிக்கல் யார் என்று நீ எழுதவே வேண்டாம். சின்ன வயசில் உன் கையால் முதுகில் வாங்கியவன் நான், இன்றைக்கும் மழை பெய்தால் அந்த இடம் சொல்லும். அந்த மயிலிறகுப் பெண்ணை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. உன் பக்கத்தில் நின்று அது என்ன மார்க்கு வாங்கும்? கொஞ்சம் பார்த்து நடந்துகொள்.

கட்டைவிரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணன்

*

பெரம்பலூர்,
11 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நடுவில் இரண்டு மாதம் எழுதவில்லை, மன்னிக்கவும். நான் சுகம். இங்கே நல்ல மழை. டயர் கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று பஞ்சர் ஒட்டுகிறார்.

நேற்று முதல் ஞாயிறு முடிந்தது. மார்க்கைப் பற்றி 24ஆம் தேதி வரை எதுவும் எழுதக் கூடாது. விதி.

எப்போதும் உங்கள் தோளைத்தான் முதலில் விசாரிப்பேன். இந்தத் தரம் விசாரிக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அண்ணியின் முழங்கால் எப்படி?

சுகன்யா

*

ஏலாக்குறிச்சி,
14 நவம்பர் 2024

என் நாத்தனார் சுகன்யாவுக்கு அண்ணி ஏஞ்சல் மேரி எழுதுவது.

முழங்காலுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கிறது. இதை உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அந்த மனுஷனுக்குக் காதுதான் கேட்காது, உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் படித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பூசை முடிந்த கையோடு, அரியலூரில் வேலை என்று சொல்லிக் கிளம்பினார். போனது உன் பள்ளிக்கூடத்துக்கு! மூன்றாம் மேசைதான் வேண்டும் என்று கேட்டுப் போய்ப் படுத்தாராம். ராத்திரி வந்து ஒரே சிரிப்பு.

"எடது தோள்ல ஒரு கை விழுந்துச்சு பாரு. அம்மாடி! நம்ம சுகன்யாதான், சந்தேகமே இல்ல. அஞ்சு வெரலையும் காட்டிட்டேன்."

"வலது தோள்ல?"

"அது அந்த ஜெயங்கொண்டத்துப் பொண்ணு. தொட்டுச்சா இல்லையான்னே தெரியல. ரெண்டு போட்டேன், போ."

இது வரைக்கும் சிரிப்பு. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆள் சரியில்லை. இடது தோள் கன்றிப்போய்ச் செவசெவ என்று இருக்கிறது, பழைய வலியும் அப்படியே திரும்பிவிட்டது. ஆனால் வலது கை! பரண் மேலே இருந்த முறத்தைத் தானே எட்டி எடுத்தார் சுகன்யா. எடுத்துவிட்டுக் கையையும் முறத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு அவராகவே சட்டை போட்டுக்கொண்டார். எனக்கு வேலை போச்சு.

இப்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இருபத்திநாலாந்தேதி போனா உள்ளதச் சொல்லணும். உள்ளதச் சொன்னா தங்கச்சிக்குக் கொறையும். போவலேன்னா ரெண்டு பேருக்கும் பூஜ்யம். அந்தப் புள்ளைக்கு ரெண்டு வெரல் காட்டினதே பாவம், இப்ப அதுக்கு மேலயுமா?" என்று புலம்புகிறார். நேற்று, தன் கையால் தங்கச்சிக்குக் குறைத்துக் காட்ட முடியாது, அதனால் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் என்ன சொல்லட்டும்? போகச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா? உடனே எழுது.

அண்ணி

*

பெரம்பலூர்,
18 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் அதற்கும் வருகிறேன்.

அவர் வந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். தலைக்கு மேல் துணி இருந்தாலும், இடது கையைத் தொங்கவிட்டு ஐந்து விரல் காட்டினாரே, அதில் ஒன்று பாதி. சார் குனிந்து பார்த்து, "அஞ்சா, நாலரையா?" என்றார். இவருக்கு அது எங்கே கேட்கப் போகிறது! எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடுத்த நிமிஷம் வலது கை தொங்கியது. இரண்டு விரல். அண்ணி, வலது தோளில் இருந்தது என் கை.

மயிலிறகு நான்தான். இங்கே வந்த பிறகுதான் என் கை அப்படி என்று தெரிந்தது. அண்ணன் அம்மிக்கல் என்று பெருமையாக எழுதியபோது, இல்லை அண்ணே, "சும்மா தடவுது" என்று பேர் வாங்கியவள் நான்தான் என்று எழுத வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன். அதற்குத்தான் இந்த இரண்டு விரல். அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேறு யாராவது காட்டியிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மற்ற நோயாளிகள் எனக்கு மூன்று மூன்றாகக் காட்டியிருக்கிறார்கள். இன்றைய கணக்குக்கு நான் மூன்றாம் நிலை. அண்ணன் வந்து உள்ளதைச் சொன்னால் இரண்டாம் நிலைக்கு ஏறிவிடுவேன். வராவிட்டால் பூஜ்யம், அறையில் யூரியா. அவ்வளவுதான் விஷயம்.

ஆனாலும் அவரிடம் சொல்லாதீர்கள். இதை எழுதுவதே விதிக்குப் பாதி விரோதம். நீங்கள் என் நோயாளி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன். போகச் சொல்லவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். என் கைதான் என்று தெரிந்து அவர் ஐந்து காட்டினால் அந்த மார்க்கை நான் எப்படி வைத்துக்கொள்வது? ஜெயசுதாவும் பாவம், ராத்திரி பகலாக உழைத்தவள்.

முறத்தை எடுத்தார் என்று எழுதினீர்களே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படித்துவிட்டு இதைக் கிழித்துவிடுங்கள்.

சுகன்யா

*

ஏலாக்குறிச்சி,
21 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். மழை போதும் போதும் என்கிறது. வாய்க்கால் உடைந்து, வெட்டி அடைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாருக்குச் சாமான் வாங்கத் திருச்சிக்குப் போகிறேன். திருச்சிக்குத்தான். அதனால் அன்றைக்குப் போன் பண்ணி அண்ணியைத் தொந்தரவு செய்யாதே.

இன்னொரு விஷயம். கிறிஸ்மஸ் வரைதான் அறை என்று நான் கறாராக எழுதியது தப்பு. இளையபெருமாளிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். உன் மார்க்கு எங்கேயாவது கொஞ்சம் குறைந்தாலும், இன்னும் ஆறு மாதம் படிக்க நேர்ந்தாலும், அறை அங்கேயேதான் இருக்கும். உன் அண்ணன் உனக்குக் கெடுதல் நினைக்க மாட்டான். யாராவது ஒருவேளை குறைத்துக் காட்டினால், அந்த ஆளுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று கேட்காதே. நீயும் என் தோளை ஏன் விசாரிக்கவில்லை என்று சொல்லவில்லையே.

மரிய செல்வம்

*

பெரம்பலூர்,
1 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் சுகம். சுகம் என்றால் சும்மா இல்லை, தரையில் கால் பாவவில்லை. இரண்டாம் நிலை! நேற்றுப் பலகையில் ஒட்டினார்கள். ஜெயசுதாவும் இரண்டாம் நிலைதான். விடுதியே கேசரி கிண்டிச் சாப்பிட்டது.

இனி பேசலாம், விதி முடிந்தது. அண்ணே, எங்கள் மூன்றாம் மேசைக்கு ஒரு மனுஷர் வந்தார். யாரோ எவரோ, எனக்குத் தெரியாது. வயசு ஐம்பதுக்கு மேல், காது மந்தம், இடது மோதிர விரல் பாதிதான். முதல் ஞாயிற்றில் ஜெயசுதாவுக்கு ஐந்து காட்டிவிட்டு எனக்கு இரண்டு காட்டினார். அவருடைய வலது தோளில் கை வைத்தது நான். நீங்கள் என்னை அம்மிக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள், நானும் திருத்தவில்லை. மயிலிறகு நான்தான் அண்ணே.

24ஆம் தேதி அவர் வருவாரா மாட்டாரா என்று எனக்குச் சோறு தண்ணி இல்லை. காலையில் கொட்டுகிற மழை. ஒவ்வொரு மேசைக்காரராக வந்து விரல் காட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்றாம் மேசை ஆள் இல்லை. பேரைக் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. சார் பூஜ்யம் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். படிக்கட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆள் நிற்கிறார்! அரியலூர் பஸ் நடுவழியில் நின்றுபோய், வேப்பூர் பக்கமிருந்து கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தாராம். வந்து ரொம்ப நேரமாக அங்கேதான் நின்றிருக்கிறார். கூப்பிட்டதுதான் கேட்கவில்லை.

சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். இடது தோளுக்கு மூன்று விரல் காட்டினார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சார் வலது தோளைத் தட்டினார்.

அண்ணே, அந்தக் கை மேலே போனது. காது மட்டத்தைத் தாண்டி, தலையைத் தாண்டி, சட்டைக் கை தோளுக்கு நழுவி விழ, நேராக உத்தரத்தைப் பார்த்து நின்றது. ஐந்து விரலும் விரித்து. அது போதாதென்று இடது கையையும் விரல் விரித்துத் தூக்கப் பார்த்தார். வலி, காது வரைக்கும்தான் வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அஞ்சுக்கு மேல போட எடமில்லங்க" என்று சார் கத்தினார். அவருக்குக் கேட்கவில்லை. கையை இறக்கவே இல்லை. ஜெயசுதா என் காதில், "ஒன்பதரை வாங்கிட்டடீ" என்றாள்.

எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார். ஜெயசுதா அன்றைக்கு ராத்திரியே என் கையை இழுத்துத் தன் தோளில் வைத்து, எப்படி என்று சொல்லிக்கொடு என்றாள். அவளிடம் நான் அழுத்தக் கற்றுக்கொள்கிறேன், சில உடம்புக்கு அதுவும் வேண்டுமாம்.

அந்த மனுஷரை எங்கேயாவது பார்த்தால் என் கும்பிடைச் சொல்லுங்கள். திருச்சியில் மோட்டார் சாமான் கிடைத்ததா?

உங்கள் சுகன்யா

*

ஏலாக்குறிச்சி,
6 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி இரண்டு தரம் வாசித்தாள், நான் மூன்று தரம். வூடே திருவிழாவாக இருக்கிறது. எல்லோரும் சுகம்.

அந்த ஆளை எனக்குத் தெரியாது. ஆனால் கேட்கும்போது நல்ல மனுஷனாகத்தான் தோன்றுகிறது. முதல் ஞாயிறு ஏதோ குழப்பத்தில் இரண்டு காட்டியிருப்பான். கூடப் பிறந்தவள் கையே தெரியாத மடையன்கள் உலகத்தில் இருக்கிறார்கள், அவன் எந்த மூலைக்கு? மன்னித்துவிடு. படியில் நின்றபோது அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தன் சொந்தத்துக்கே குறைத்துக் காட்டுகிறோம் என்று நினைத்து அழுதிருந்தாலும் அழுதிருப்பான்.

திருச்சியில் சாமான் கிடைக்கவில்லை.

அறையைக் கழுவிவிட்டு, மஞ்சள் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மேல் சுவர் முழுக்க நானே அடித்தேன், ஏணி போடாமல். மேசை ஒன்று தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். முகத்துக்கு ஓட்டை வேண்டும் என்றேன். "சாப்பாட்டு மேசைக்கு எதுக்குங்க ஓட்டை?" என்று கேட்கிறான்.

20ஆம் தேதி அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். குடில் கட்டுகிற வேலை, பலகாரம் எல்லாம் அப்புறம். முதல் வேலை ஒன்று இருக்கிறது. என் இடது தோள் ஒரு மாதமாகத் தூங்க விடவில்லை. இத்தனை நாளும் பாயைத் திருப்பிப் போட்டுப் படுக்கிறேனே தவிர, யாரையும் தொட விடவில்லை. உனக்காக வைத்திருக்கிறேன்.

அண்ணன் மரிய செல்வம்